எத்தனை முறை உட்காரலாம்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒருவர் எத்தனை முறை எம்.எல்.ஏ. ஆகலாம்? "எத்தனை முறை ஜெயிக்கிறாரோ அத்தனை முறை" என்பீர்கள். நம் ஊர்க் கணக்கு அதுதான். கலைஞர் கருணாநிதி 1957இல் குளித்தலையில் தொடங்கி 2016இல் திருவாரூர் வரை 13 முறை நின்றார், 13 முறையும் வென்றார். போதும், இறங்குங்கள் என்று அவரிடம் சொல்ல வாக்காளரால் முடியும், கட்சியால் முடியும், காலனால் முடியும். சட்டத்தால் முடியாது.

அமெரிக்காவில் அப்படிச் சொல்லும் சட்டம் இருக்கிறது. 50 மாநிலங்களில் 16 மாநிலங்களில் இன்று நடப்பில் இருக்கிறது. தொகுதியே திரண்டு வந்து "எங்களுக்கு இவர்தான் வேண்டும்" என்று நின்றாலும் சட்டம் கேட்காது. எட்டு ஆண்டு ஆனதா, பன்னிரண்டு ஆண்டு ஆனதா, எழுந்திரு என்கிறது. இதற்குப் பதவிக்கால வரம்பு என்று பெயர். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

இந்தப் பொருளில் எனக்கு எப்படி ஆர்வம் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் மகள் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம் நானும் வீட்டுக்காரியும் போயிருந்தபோது, தலைநகர் லான்சிங்கில் சட்டமன்றக் கட்டடத்தைப் பார்க்கக் கூட்டிப்போனாள். 1879இல் திறந்த கட்டடம். நடுக்கூடத்தில் தரையே கண்ணாடி. அண்ணாந்து பார்த்தால் குவிமாடம், சுற்றிலும் பழைய ஆளுநர்களின் ஓவியங்கள். கதவும் சட்டமும் வழவழவென்று வால்நட் மரம். நான் தடவிப் பார்த்தேன். சுற்றிக் காட்டிய அம்மையார் சிரித்துக்கொண்டே சொன்னார், "இது வால்நட் இல்லை ஐயா, பைன் மரம். மேலே வால்நட் மாதிரி வரைந்திருக்கிறார்கள்." தூரிகையால் ரேகை ரேகையாக இழுத்து, விலை குறைந்த மரத்தை விலை உயர்ந்த மரமாக்கியிருக்கிறார்கள். பளிங்குத் தூண் என்று நான் நினைத்ததும் வார்ப்பிரும்பு. அதன் மேலும் ஓவியன் கைவரிசை.

பிறகு மாடத்தில் உட்கார்ந்து அவையைப் பார்த்தோம். காசு இல்லை, சிபாரிசு இல்லை, யாரும் போய் உட்காரலாம். உள்ளே இருந்தவர்களில் இளையவர்கள் அதிகம். சிலருக்கு எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதில்கூடத் தடுமாற்றம். வெளியே வந்தால், அவைக் கதவுக்கு எதிரே ஒரு கூட்டம் நிற்கிறது. நல்ல கோட்டு, நரைத்த தலை, ஒரு கையில் ஃபோன், இன்னொரு கையில் காகிதக் கட்டு. கதவுக் காவலரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அவரும் இவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். யார் இவர்கள் என்று மகளைக் கேட்டேன். "லாபிக்காரங்கப்பா" என்றாள். கம்பெனிகளுக்காகவும் சங்கங்களுக்காகவும் சட்டமன்றத்தில் காரியம் பேசச் சம்பளம் வாங்குகிறவர்கள்.

அன்று என் மனத்தில் ஒரு கேள்வி விழுந்தது. உள்ளே இருப்பவர் புதியவர், வெளியே நிற்பவர் பழையவர். இந்த வீடு யாருடையது?

வாருங்கள், கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

அமெரிக்காவுக்கு இந்த யோசனை புதிதல்ல. சுதந்திரம் அறிவித்த அதே 1776இல் பென்சில்வேனியா எழுதிக்கொண்ட அரசியல் சட்டம், ஒருவர் ஏழு ஆண்டுகளில் நான்கு ஆண்டுக்கு மேல் அவையில் இருக்கக் கூடாது என்றது. போய் உழு, கடை நடத்து, உன் சட்டத்துக்கு நீயும் கட்டுப்பட்டு இருந்து பார், பிறகு வா என்று பொருள். அது நிலைக்கவில்லை. இரு நூற்றாண்டுகள் கழித்து, 1990இல், நெருப்பு மறுபடி பற்றியது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஓக்லஹோமா, நவம்பரில் கொலராடோவும் கலிபோர்னியாவும். அடுத்த பத்தாண்டில் மாநிலம் மாநிலமாகப் பரவியது.

எங்கே பரவியது? இதைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும், மக்களே கையெழுத்துத் திரட்டி, ஒரு சட்டத்தை எழுதி, நேராக வாக்குச்சீட்டில் ஏற்றும் உரிமை உள்ள மாநிலங்களில்தான் பரவியது. அந்த உரிமை இல்லாத நியூயார்க்கில் இல்லை, டெக்சஸில் இல்லை. ஏன் இல்லை? எந்த எம்.எல்.ஏ. தன் நாற்காலியின் காலைத் தானே அறுப்பார்?

இப்போது கலிபோர்னியாவுக்கு வருவோம். இந்தக் கதைக்கு ஒரு நாயகன் உண்டு. எதிராளிகளைக் கேட்டால் வில்லன் என்பார்கள். வில்லி பிரவுன். இனப்பாகுபாடு கொடிகட்டிப் பறந்த டெக்சஸ் சிற்றூரில் பிறந்த கறுப்பின இளைஞர். சான் பிரான்சிஸ்கோ வந்து படித்து வக்கீலாகி 1964இல் மாநில அவைக்குத் தேர்வானவர். 1980 டிசம்பரில் சபாநாயகர். அந்த ஊரில் சபாநாயகர் என்றால் நம் ஊரில் போல "அமைதி, அமைதி" என்று மணி அடிப்பவர் இல்லை. எந்தக் குழுவில் யார், எந்த மசோதா எழும், எது படுக்கும், யாருக்கு எந்த அறை, எல்லாம் அவர் கை. விலை உயர்ந்த சூட், கூர்மையான நாக்கு, எந்த உறுப்பினருக்கு எங்கே வலிக்கும், எங்கே இனிக்கும் என்ற கணக்கு. தன்னைத் தானே "அவையின் அயதுல்லா" என்று சொல்லிக்கொண்டு சிரித்த ஆள். பதினான்கரை ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார்.

எதிராளிகளால் அவரைத் தேர்தலில் அசைக்க முடியவில்லை. அவர் தொகுதி அப்படி. சரி, ஆளை அசைக்க முடியாவிட்டால் காலத்தை அசைப்போம் என்று 1990இல் 140ஆவது முன்மொழிவைக் கொண்டுவந்தார்கள். கீழவையில் ஆறு ஆண்டு, மேலவையில் எட்டு ஆண்டு, அதற்கு மேல் ஆயுள் முழுதும் அந்த அவைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. சட்டமன்றத்தின் செலவுப் பணத்திலும் கத்தி விழுந்தது. 52 சதவீத வாக்காளர் ஆம் என்றார்கள். 1995இல் பிரவுன் இறங்கினார். இறங்கியவர் வீட்டுக்குப் போனாரா? நேரே சான் பிரான்சிஸ்கோ மேயர் தேர்தலில் நின்று வென்று, எட்டு ஆண்டு மேயராக இருந்தார்!

அவர் விட்டுப்போன நாற்காலி என்ன ஆயிற்று? பதினான்கரை ஆண்டு ஒரே ஆள் இருந்த இடத்தில், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஒன்பது பேர் வந்து போனார்கள். சிலர் சில மாதம், சிலர் இரண்டு ஆண்டு. ஒரு சபாநாயகர் பதவி ஏற்கும் நாளிலேயே, அடுத்தவர் யார் என்று வாசலில் பேச்சு நடக்கும். பேச்சு நடக்கும் இடத்தில் யார் வாக்குறுதிக்கு மதிப்பு? "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று சபாநாயகர் சொன்னால், அடுத்த ஆண்டு நீங்கள் இருப்பீர்களா என்று உறுப்பினர் மனத்துக்குள் கேட்பார் இல்லையா?

நாற்காலி காலியானது. அதிகாரம் எங்கே போனது?

மறுபடி மிச்சிகனுக்கு வாருங்கள். அங்கே 1992இல் வரம்பு வந்தது. 110 பேர் கொண்ட கீழவையில் ஆறு ஆண்டு, 38 பேர் கொண்ட மேலவையில் எட்டு ஆண்டு, அதுவும் ஆயுள் தடை. 1998 தேர்தலில் அது கடித்தது. 1999 ஜனவரியில் கீழவை கூடியபோது பாதிக்கு மேல் புதுமுகங்கள். ஆகா, புது ரத்தம் என்று கைதட்டலாம். நானும் தட்டியிருப்பேன். ஆனால் அந்தப் புதியவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு ஆண்டு பட்ஜெட்டைப் படிக்கவே போதாது. பள்ளிக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் போகிறது, சாலைக்கு எதிலிருந்து போகிறது, சிறைக்கு எதிலிருந்து போகிறது, எந்தச் சட்டப்பிரிவு எதோடு பின்னிக் கிடக்கிறது, யாரைக் கேட்பது? மூத்த உறுப்பினரைக் கேட்கலாம் என்றால் மூத்தவர் என்பவருக்கே நான்கு ஆண்டு அனுபவம். ஐந்தாம் ஆண்டில் மேலவைக்கு நிற்கலாமா, மேயர் ஆகலாமா, வேறு வேலை தேடலாமா என்ற கவலை வந்துவிடும். நடுவில் மிஞ்சுவது எவ்வளவு?

அந்த நேரத்தில் கதவுக்கு எதிரே நிற்கும் நரைத்த தலை அன்போடு வருகிறது. "தம்பி, இந்த மசோதா 15 வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை வந்து தோற்றது. ஏன் தோற்றது தெரியுமா?" என்கிறது. அவருக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது. ஆளுநர் மாளிகையில் உள்ள அதிகாரிகளுக்கும் தெரியும். அவர்களுக்கு வரம்பு இல்லை. மிச்சிகன் சட்டமன்றத்தை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து ஆராய்ந்த வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்து அறிஞர்களும் இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். புதிய உறுப்பினர்கள் தகவலுக்கு வெளியாரை அதிகம் நம்ப வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு ஆளின் வரலாற்றைச் சொல்கிறேன். ரிக் ஜான்சன். 1999இல் கீழவைக்கு வந்தார். 2001இல், அதாவது இரண்டே ஆண்டு அனுபவத்தில், சபாநாயகர். 2004 முடிவில் வரம்பு வந்து வெளியே போனார். என்ன ஆனார்? லாபிக்காரர் ஆனார். பிறகு மருத்துவக் கஞ்சா உரிமம் கொடுக்கும் மாநில வாரியத்துக்குத் தலைவர் ஆனார். உரிமம் கேட்டவர்களிடம் லஞ்சம் வாங்கியதை ஒப்புக்கொண்டு, 2023இல் நான்கு ஆண்டு ஏழு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். சட்டம் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது. எழுந்தவர் அதைவிடச் சின்ன, ஆனால் வசதியான நாற்காலி ஒன்றைக் கண்டுபிடித்தார்.

இப்போது முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தலையாட்டுகிறார். "அப்படியானால் வரம்பே வேண்டாம், பழுத்தவர்களே இருக்கட்டும் என்கிறீர்களா?" என்று அவர் கண் கேட்கிறது. இல்லை ஐயா! பக்கத்து மாநிலங்களைப் பார்ப்போம். வரம்பு இல்லாத இல்லினாய். அங்கே மைக்கேல் மேடிகன் என்பவர் 1983 முதல் 2021 வரை, இடையில் இரண்டே ஆண்டு நீங்கலாக, சபாநாயகர். அமெரிக்க மாநில அவைகளின் சரித்திரத்திலேயே அவ்வளவு காலம் அந்த நாற்காலியில் யாரும் இருந்ததில்லை. 2025 பிப்ரவரியில் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதேபோல வரம்பில்லாத விஸ்கான்சினில் பிரெட் ரிஸர் என்பவர் 1957 முதல் 2021 வரை 64 ஆண்டு உறுப்பினர். 93 வயதில் தானாக ஓய்வு பெற்றார். நாட்டிலேயே நீண்ட காலம் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர் அவர்தான். கை சுத்தமாகப் போனார். நீண்ட காலம் இருந்தவரில் இப்படியும் ஒருவர், அப்படியும் ஒருவர்.

ஒகையோ கதை இன்னும் வேடிக்கை. அங்கே தொடர்ந்து எட்டு ஆண்டு இருக்கலாம், ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வரலாம். லாரி ஹவுஸ்ஹோல்டர் 2001 முதல் 2004 வரை சபாநாயகர். வெளியே போனார். 2017இல் உறுப்பினராகத் திரும்பினார், 2019இல் மறுபடி சபாநாயகர். அணு மின் நிலையங்களைத் தாங்கிப் பிடிக்கும் ஒரு சட்டத்துக்காக மின் நிறுவனத்திடமிருந்து ஏறத்தாழ ஆறு கோடி டாலர் பின்வாசலில் பாய்ந்தது என்று 2020இல் கைதானார். 2023இல் 20 ஆண்டு தண்டனை. இதில் வேடிக்கை எங்கே என்கிறீர்களா? அந்தப் பணத்தில் ஒரு பகுதி எதற்குப் போனது என்று அரசுத் தரப்பு சொன்னது தெரியுமா? பதவிக்கால வரம்பைத் திருத்தி, அவரே இன்னும் பல ஆண்டு நாற்காலியில் இருக்க வழி செய்யும் முயற்சிக்கு!

இந்தச் சிரிப்போடு நெப்ராஸ்காவுக்குப் போவோம். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த ஆள் அங்கேதான் இருக்கிறார். எர்னி சேம்பர்ஸ். ஒமாஹா நகரத்தில் முடி திருத்தியவர். சட்டமும் படித்தவர். நெப்ராஸ்காவின் சட்டமன்றம் 49 பேர் கொண்ட ஒரே அவை. ஒற்றை அவை உள்ள ஒரே மாநிலமும் அதுதான். 1971 ஜனவரியில் நுழைந்தார். பல ஆண்டுகள் அந்த அவையில் ஒரே கறுப்பின உறுப்பினர். விதிகளைக் கரைத்துக் குடித்தவர். ஒரு மசோதா பிடிக்கவில்லை என்றால் மணிக்கணக்கில் எழுந்து நின்று பேசியே கொன்றுவிடுவார். 2007இல் கடவுள் மேலேயே வழக்குப் போட்டவர், யார் மேலும் வழக்குப் போடும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று காட்டுவதற்காக. அவருடைய வாழ்நாள் வேலை ஒன்றுதான், மரண தண்டனையை ஒழிப்பது. 1979இல் அவையைச் சம்மதிக்க வைத்தார். ஆளுநர் தடுத்தார். விடவில்லை, மறுபடி மறுபடி கொண்டுவந்தார்.

2000ஆம் ஆண்டு நெப்ராஸ்கா வாக்காளர் பதவிக்கால வரம்பை ஏற்றார்கள். தொடர்ந்து இரண்டு முறை, அதாவது எட்டு ஆண்டு. இது சேம்பர்ஸை வெளியேற்றத்தான் என்று ஊரே பேசியது. 38 ஆண்டு இருந்தவர் 2009 தொடக்கத்தில் வெளியே போனார். ஆனால் அங்கே ஆயுள் தடை இல்லை. நான்கு ஆண்டு வீட்டில் இருந்தார். 2012இல் நின்றார், அப்போது இருந்த உறுப்பினரைத் தோற்கடித்தார், திரும்பி வந்தார். 2015இல் மரண தண்டனை ஒழிப்பு மசோதா நிறைவேறியது. ஆளுநர் தடுத்தார். 30க்கு 19 என்ற கணக்கில், தேவைக்கு ஒரு வாக்குகூட மிச்சமில்லாமல், அவை அந்தத் தடையைத் தாண்டியது. 1979இலிருந்து 36 ஆண்டு! அடுத்த ஆண்டே மக்கள் வாக்கெடுப்பில் மரண தண்டனை திரும்பி வந்துவிட்டது என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் யோசியுங்கள், ஆறு ஆண்டுக்கு வந்து போகும் ஒருவர் 36 ஆண்டு ஒரு காரியத்தைச் சுமப்பாரா? வரம்பு மறுபடி வந்தது. 2021இல், 83 வயதில், மறுபடி இறங்கினார்.

அதனால்தான் சொல்கிறேன். கலிபோர்னியா செய்ததுபோல ஆயுள் தடை போடுவதை என் மனம் ஒப்பவில்லை. நெப்ராஸ்காபோல, மேய்ன்போல, "போய் இருந்துவிட்டு வா" என்பது நியாயமாகப் படுகிறது. ஹவுஸ்ஹோல்டரும் அந்த வாசல் வழியாகத்தானே திரும்பினார் என்று நீங்கள் மடக்கலாம். மடக்குங்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. வெகு தூரம் போக வேண்டாம். காஞ்சிபுரம் போய் அங்கிருந்து பேருந்து ஏறினால் உத்திரமேரூர்.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919இலும் 921இலும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரில் முப்பது குடும்பு, அதாவது முப்பது பகுதி. குடும்புதோறும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். எல்லோரும் பெருமையாகச் சொல்லும் கதை இது. பெருமை பேசுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பிராமணர் ஊர்ச் சபை. நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவனுக்கு ஓலை இல்லை, பெண்ணுக்கு ஓலை இல்லை. இதைக் குடியரசு என்று கூவ நான் வரவில்லை. நான் பார்ப்பது இரண்டு விதிகளை மட்டும். ஒன்று, வாரியத்தில், அதாவது ஊர் வேலையைப் பார்க்கும் குழுவில், இருந்தவர் பெயர் மூன்று ஆண்டு கழிந்த பிறகுதான் மறுபடி குடத்தில் விழலாம். ஏரி வாரியமோ தோட்ட வாரியமோ, 360 நாள் பார், இறங்கு, ஆறப்போடு, பிறகு வா. ஆயுள் தடை இல்லை, ஆயுள் உரிமையும் இல்லை. இரண்டாவது விதி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வரவே முடியாது.

ஆண்டும் கணக்கும் ஒரே கல்லில் இருக்கின்றன. 1990களின் அமெரிக்க வாக்காளர் ஆண்டை மட்டும் எண்ணினார்.

இப்போது கடைசியாக லான்சிங்குக்குத் திரும்புகிறேன். முப்பது ஆண்டு வரம்போடு வாழ்ந்து பார்த்த மிச்சிகன் மக்கள் 2022 நவம்பரில் மறுபடி வாக்களித்தார்கள். ஆறு, எட்டு என்ற பழைய கணக்கு போயிற்று. இரண்டு அவையும் சேர்த்து மொத்தம் 12 ஆண்டு, வேண்டுமானால் பன்னிரண்டையும் ஒரே அவையில் கழிக்கலாம் என்றார்கள். வேலை கற்றவர் கற்ற இடத்திலேயே இருக்கட்டும் என்று. கலிபோர்னியா 2012இலேயே அப்படி மாறிவிட்டது. ஆனால் மிச்சிகன் அதே வாக்குச்சீட்டில் இன்னொன்றையும் சேர்த்தது. உறுப்பினரும் ஆளுநரும் ஆண்டுதோறும் தங்கள் சொத்து, வருமானம், கடன் பற்றி மக்கள் பார்க்கும்படி அறிக்கை கொடுக்க வேண்டும். அதுவரை அந்த மாநிலத்தில் அப்படி ஒரு கட்டாயமே இல்லை! மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர் ஆம் என்றார்கள். 2024 முதல் அறிக்கை வரத் தொடங்கியது.

நான் கைதட்டத்தான் நினைத்தேன். அப்போது மகள் செய்தியை அனுப்பினாள். அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று விவரம் எழுதும் வேலை சட்டமன்றத்தின் கைக்கே வந்தது. அவர்கள் எழுதினார்கள். உறுப்பினர் தன் கணக்கைக் காட்ட வேண்டும். கணவன் அல்லது மனைவி யார், என்ன வேலை என்று சொன்னால் போதும், அவர்கள் பெயரில் உள்ள சொத்தை விவரமாகக் காட்ட வேண்டியதில்லை. ஓட்டை இங்கேதான் என்று அங்கே பத்திரிகைகள் எழுதின.

உத்திரமேரூர்க்காரர்கள் அந்த ஓட்டையையும் அடைத்திருந்தார்கள். கணக்குக் காட்டாதவர் மட்டுமா குடத்துக்கு வெளியே? அவருடைய தகப்பன், மகன், அண்ணன் தம்பி, சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் என்று கல்லில் வரிசையாக வெட்டிக்கொண்டே போகிறார்கள். மனைவியின் உடன்பிறந்தவனைக்கூட விடவில்லை. மச்சான் பெயரில் வாங்கிப்போடும் வித்தை 921இலேயே நம் ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.